அவர் குறைக்கக் குறைக்க

அடிஅண்ணாமலை
26.06.2024

அன்புத் தம்பி சக்திவேலுக்கு,

அக்கா ரேணுகாம்பாள் எழுதுகிறேன். இங்கே நான், உன் மாமா, மூன்று மாடுகள் எல்லோரும் சௌக்கியம். எல்லைக் காவலில், அந்தப் பனிமலையில் உன் கைகால் விரல்கள் பத்திரமாக இருக்கின்றனவா? வாரத்துக்கு ஒருமுறை உனக்குக் கிடைக்கிற போன் நிமிடங்கள் வினோதினிக்கும் குழந்தைக்குமே போதாது. அதில் நான் பங்கு கேட்க மாட்டேன். சாமான் வண்டி மேலே ஏறும்போது இது உன் கைக்கு வந்தால் போதும்.

நம் பால் சொசைட்டியில் நேற்று நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஒரு மருத்துவக் கல்லூரிக்காரர்கள் வேங்கிக்காலில் வீடு பிடித்து ஆராய்ச்சி நடத்துகிறார்கள். கிராமத்து ஆட்கள் சிகரெட்டைக் குறைத்துக் குறைத்து விடுவதற்கு எது நன்றாகக் கைகொடுக்கும் என்று பார்க்கிறார்களாம். நிகோடின் சூயிங்கம் ஒன்று, தோளில் ஒட்டிக்கொள்கிற பேட்ச் ஒன்று, வாயில் போட்டுச் சப்புகிற மிட்டாய் ஒன்று. புகை இல்லாமல் நிகோடின் மட்டும் கொஞ்சமாக உடம்பில் இறங்கினால் தவிப்பு அடங்குமாம். பிறகு அதையும் குறைத்து நிறுத்திவிடுவார்களாம். தேவிப்ரியா என்று ஒரு பெண் ஸ்கூட்டியில் வருகிறாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம், பால் வண்டி போன பிறகு, நம் சொசைட்டி அறைதான் அவளுக்கு ஆபீஸ். பால் சோதிக்கிற என்னிடம்தான் அறைச் சாவி இருக்கிறது. அதனால் நான்தான் அவளுக்கு உதவி.

அவள் பையிலிருந்து ஒரு மீட்டரை எடுத்தாள் பார், கூட்டமே எழுந்து நின்றுவிட்டது. மூச்சைப் பிடித்து வைத்திருந்து மெதுவாக ஊத வேண்டும். நுரையீரலில் எவ்வளவு புகை விஷம் தங்கியிருக்கிறது என்று எண் காட்டும், விளக்கும் எரியும். உன் மாமா ஊதினார். இருபத்தேழு, சிவப்பு. வெல்டிங் பட்டறை ஜானி பாஷா பாய் ஊதினார். முப்பத்தொன்று. நாலு பேரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "நான்தான் ஃபர்ஸ்ட்டா?" என்று கேட்டார். ஜாஸ்தி வந்தால் கெடுதல் என்று தேவிப்ரியா சொன்னதும் மனுஷன் முகம் வாடியதைப் பார்க்க வேண்டுமே. மறுபடியும் ஊதுகிறேன் என்று அடம்பிடித்தார்.

பிறகு யாருக்கு எது என்று பார்க்க ஆளுக்கொரு உறை எடுத்தார்கள். மாமாவுக்கு பேட்ச். பாய்க்கு சூயிங்கம். புகை பிடிக்காதவர்களுக்கு எவ்வளவு வரும் என்று காட்ட என்னை ஊதச் சொன்னாள் அந்தப் பெண். எனக்கு ஜலதோஷம், முடியாது என்று சொல்லிவிட்டேன். அவளே ஊதிக் காட்டினாள். ஒன்றுதான் வந்தது.

மாமா ஆட்டோவிலும் பேட்ச் ஒட்டிக்கொண்டுதான் போகிறார். உன் கணக்கு என்ன? நாளைக்கு எத்தனை? ஒளிக்காமல் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அக்கா

மலைமேலிருந்து
14.07.2024

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்றுதான் வந்தது. நான் நலம். உங்கள் இருவரின், மாடுகளைச் சேர்த்தால் ஐவரின், சுகத்துக்கும் இங்கிருந்தே கும்பிடு போடுகிறேன்.

பாய் கதையை என் கூடாரத்தில் இந்தியில் சொன்னேன். பஞ்சாபிக்காரன் ஒருவன் சிரித்துச் சிரித்து டீயைக் கொட்டிவிட்டான். இப்போது இங்கே யார் எதில் தோற்றாலும் 'நான்தான் ஃபர்ஸ்ட்டா' என்கிறார்கள்.

மாமா குறைக்கிறாரா? நம்ப முடியவில்லை. என் கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்தில் மண்டபத்துக்கு வெளியே நின்று பிடித்துக்கொண்டிருந்தவர் அவர். எது வேலை செய்கிறது என்று விவரமாக எழுது. சூயிங்கம் மென்றால் நிஜமாகவே தவிப்பு அடங்குமா? இங்கே சிலர் கேட்கிறார்கள்.

குளிர் ஒன்றும் பெரிதாக இல்லை. சாப்பாடு நன்றாக இருக்கிறது.

உன் தம்பி
சக்திவேல்

அடிஅண்ணாமலை
03.08.2024

என் தம்பி சக்திவேலுக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமென்று எழுதியிருக்கிறாய். எத்தனை சிகரெட் என்று கேட்டதற்கு மட்டும் பதிலைக் காணோம். 'இங்கே சிலர்' யாரென்று அக்காவுக்குத் தெரியாதா?

விவரம் கேட்டாயே, எழுதுகிறேன். முதல் வாரம் பேட்ச் கூட்டத்தில் ஒருவருக்கும் நிற்கவில்லை. வேர்க்கடலைக் கொல்லையில் களை எடுத்தால் வேர்வையில் கழன்று எங்கேயோ விழுந்துவிடுகிறது. மாமாவுடையதை ஒருநாள் மாட்டின் முதுகில் கண்டெடுத்தேன். தேவிப்ரியா வந்து, குளித்துத் துடைத்த பிறகு, முடி இல்லாத இடத்தில் கையை வைத்து அழுத்திப் பிடித்து ஒட்டக் கற்றுக்கொடுத்தாள். இப்போது நிற்கிறது. ராத்திரி அதோடு படுத்தால் கனவு கனவாக வருகிறதாம். கிரிவலம் வந்த கூட்டம் முழுவதும் தன் ஆட்டோவில் ஏறிவிட்டதாக மாமா ஒருநாள் அலறினார். அதிலிருந்து படுக்கும்போது எடுத்துவிடுகிறார்.

பாய் சூயிங்கத்தை மாடு அசை போடுகிற மாதிரி மென்று விக்கலெடுத்து உட்கார்ந்துவிட்டார். அப்படி மெல்லக் கூடாது. நாலைந்து தடவை மென்றதும் நாக்கில் மிளகு பட்ட மாதிரி சுரீர் என்று இருக்கும். உடனே கன்னத்தில் ஒதுக்கிவிட வேண்டும். சுரீர் அடங்கினால் மறுபடி மெல்லலாம். அதற்குள் பாயின் கட்டின பல்லில் அது ஒட்டிக்கொண்டு பல்லே கழன்று வந்துவிட்டது. டாக்டரிடம் கேட்டு அவரை மிட்டாய்க் கூட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

தவிப்பு அடங்குமா என்று கேட்கிறாய். அடங்கும், ஆனால் ஒரேயடியாக இல்லை. காலையில் வேலையெல்லாம் முடிந்து கை சும்மா ஆகும்போதுதான் அது வரும். தொண்டை அடியில் ஓர் இடம் வறளும். விரல்கள் தாமாக எதையோ தேடும். யார் எது சொன்னாலும் எரிந்து விழத் தோன்றும். அந்தக் கொஞ்ச நேரத்தை ஒரு சொம்புத் தண்ணீரோ ஒரு வேலையோ வைத்துக் கடந்துவிட்டால் அலை மாதிரி இறங்கிவிடும். மறுபடியும் வரும், ஆனால் முன்னைவிடக் கம்மியாக.

மாமா இந்தச் செவ்வாய் ஊதினது பதினான்கு. சொசைட்டியே கை தட்டியது. கபடி பார்க்கிற மாதிரி செவ்வாய்க்கிழமை ஆனால் பெண்கள்கூட ஜன்னலில் வந்து நிற்கிறார்கள். நிற்கட்டும் என்று நானே ஜன்னலைத் திறந்துவிடுகிறேன். அப்போதும் என்னை ஊதச் சொன்னாள் தேவிப்ரியா. அதற்குள் மாட்டுத் தீவன லோடு வந்துவிட்டது, இறக்கப் போய்விட்டேன்.

குல்லாவைக் கழற்றாதே.
அக்கா

மலைமேலிருந்து
27.08.2024

அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கை விறைத்திருக்கிறது, அதனால் சின்னக் கடிதம்.

நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். தொண்டை அடியில் வறளும் அந்த இடம், விரல் தேடுவது, எல்லாம் அப்படியே. பதினாறு வருஷமாகப் பிடிக்கிற எனக்கே இப்படி எழுத வராது. மாமா இவ்வளவு விவரமாகப் பேசுகிற ஆளும் இல்லை. உனக்கு எப்படி அக்கா தெரிந்தது?

சக்திவேல்

அடிஅண்ணாமலை
20.09.2024

தம்பிக்கு,

உன் சின்னக் கடிதம் கிடைத்தது. கை விறைப்பு குறைந்ததா? தேங்காயெண்ணெய் சூடு பண்ணித் தேய்த்துக்கொள். எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

இங்கே ஒரு சங்கடம். ஆராய்ச்சியில் இருப்பவர்கள் என்ன வாங்கினார்கள், என்ன பிடித்தார்கள் என்று அட்டையில் குறித்து, மிச்சத்தைப் பாக்கெட்டோடு கொண்டுவந்து காட்ட வேண்டும். மாமா அட்டையில் எழுதுவதும் மிச்சமும் ஒத்துவரவில்லை. ஒவ்வொரு வாரமும் மிச்சத்தில் சிகரெட் குறைகிறது. மறந்திருப்பார் என்று தேவிப்ரியா முதலில் விட்டுவிட்டாள். மூன்றாவது தடவை, மீட்டர் அன்றைக்குப் பிடித்ததைத்தான் சொல்லும், வாரம் முழுவதையும் சொல்லாது, அதனால் அட்டையில் உண்மையை எழுதினால்தான் தனக்கு உதவ முடியும் என்று தன்மையாகத்தான் சொன்னாள். ஆனால் எல்லோர் எதிரிலும் சொன்னாள்.

பேட்ச் ஒட்டிக்கொண்டு திருட்டு தம் அடிக்கிறாயா என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். அறை முழுக்கச் சிரிப்பு. மாமா சிரிக்கவில்லை. "நான் எழுதனதுதான் நெஜம். அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது" என்றார். வீட்டுக்கு வந்து பேட்ச்சை உரித்து மாட்டுக்கொட்டகை எரவாணத்தில் ஒட்டிவிட்டார். ஒன்றாம் தேதி செவ்வாயோடு நிறுத்திக்கொள்ளப் போகிறாராம். பொய்யன் என்று பேரெடுத்துக் குறைப்பதற்குப் பதிலாகப் பழையபடி இரண்டு பாக்கெட் பிடிக்கலாம் என்கிறார்.

அவர் பொய் சொல்லவில்லை, தம்பி. எனக்குத் தெரியும்.

நீ கேட்டதற்கு அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அக்கா

அடிஅண்ணாமலை
03.10.2024

என் சக்திவேலுக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். இதை முதலில் எழுதாவிட்டால் தைரியம் போய்விடும்.

நான் சிகரெட் பிடிக்கிறேன். அப்பா பற்றவைத்துக்கொண்டு வரச் சொல்லி என்னை அடுப்படிக்கு அனுப்புவாரே, அணையாமல் இருக்க வாசல்வரை நான் இரண்டு இழுப்பு இழுப்பேன். கல்யாணத்துக்குப் பிறகு பல வருஷம் இல்லை. மாமா ஆட்டோ கவிழ்ந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் சட்டையைத் துவைக்க எடுத்தேன், பையில் பாக்கெட் இருந்தது. அன்றைக்கு ஆரம்பித்தது. நாளைக்கு இரண்டு, மனசு சரியில்லாத அன்றைக்கு மூன்று. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால். நம் ஊரில் எந்தப் பெண் கடையில் போய்க் கேட்டு வாங்க முடியும்? அவர் பாக்கெட்டிலிருந்துதான் எடுப்பேன். அவர் இஷ்டத்துக்கு ஊதித் தள்ளிய காலத்தில் இரண்டு மூன்று போனது அவருக்குத் தெரியவே இல்லை. அவர் குறைக்கக் குறைக்க என் பங்கு வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டது.

அவரிடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்று பத்து நாளாக வாயைத் திறந்து திறந்து மூடினேன். செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது. அவர் அட்டையையும் மீதிப் பேட்ச்சுகளையும் மேஜைமேல் வைத்து, "என் பேர அடிச்சிடும்மா" என்றார். தேவிப்ரியா என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

நான் போய் அந்த மீட்டரை எடுத்தேன். யாரும் சொல்லவில்லை. மூச்சைப் பிடித்தேன், ஊதினேன். பன்னிரண்டு. மஞ்சள் விளக்கு.

அந்தப் பெண் நல்லவள், தம்பி. என் முகத்தைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "வீட்ல வெறகு அடுப்பாக்கா? அந்தப் புகைக்கும் இப்படி வரும்" என்றாள். நான் தப்பிக்க ஒரு கதவைத் திறந்து வைத்தாள், அதன் வழியே வெளியே போயிருக்கலாம். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். மாமா வாசற்படியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல. கேஸ் அடுப்புதான். நான்தான் புடிக்கிறேன். இவரு பாக்கெட்டுலேர்ந்து எடுத்தது நான்தான். இவரு அட்டையில எழுதினது எல்லாம் நெஜம்" என்றேன்.

ஜன்னலில் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு ஆண்கள் எழுந்து வெளியே போனார்கள். மாமா தலையைக் குனிந்தவர் நிமிரவே இல்லை. கடைசியில் ஜானி பாஷா பாய்தான் வாயிலிருந்த மிட்டாயை ஓரமாக ஒதுக்கிவிட்டு, மாமாவைக் காட்டி, "அப்போ கண்ணாயிரம் சொன்னது சரின்னு எழுதிக்கம்மா. பாவம், மூணு வாரமா அந்தாளு திட்டு வாங்குறான்" என்றார். தேவிப்ரியா எழுதினாள்.

பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நேற்று முழுக்கப் பொழுது விடிந்த மாதிரி ஒரு வெளிச்சம் உடம்புக்குள். ஓடிப்போய் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. எல்லோருக்கும்தான் ஏற்கெனவே தெரிந்துவிட்டதே. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

மாமா இன்னும் என்னிடம் பேசவில்லை. மோட்டார் கொட்டகையில் படுக்கிறார்.

நீ சுகமா? எதுவாக இருந்தாலும் பதில் எழுது. திட்டியாவது எழுது.

அக்கா

அடிஅண்ணாமலை
06.11.2024

தம்பிக்கு,

சுகமாக இருக்கிறாயா? ஒரு மாதம் ஆகிறது, பதில் இல்லை. வினோதினியிடம் போனில் கேட்டேன். 'நல்லாத்தான் இருக்காரு அண்ணி' என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் குழந்தைக்குப் பசிக்கிறது என்று வைத்துவிட்டாள். நீ என் கடிதத்தைப் படித்துவிட்டாய், அதனால்தான் எழுதவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன். தீபாவளிக்குக்கூட ஒரு வரி இல்லை.

சொசைட்டித் தலைவர் ராஜமாணிக்கம், ஜனங்கள் ஒரு மாதிரி பேசுகிறார்கள், கொஞ்ச நாள் வீட்டில் இரும்மா என்று சொல்லிவிட்டார். மூன்று வாரமாக நான் பால் சோதிக்கப் போகவில்லை. சும்மா இருக்கிற கைக்கு அந்தப் பழைய தவிப்புதான் துணைக்கு வருகிறது. ஆராய்ச்சியில் ஆண்களை மட்டும்தான் சேர்த்திருக்கிறார்களாம். தேவிப்ரியா என்னை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டரம்மா ஒன்றும் முகம் சுளிக்கவில்லை, எத்தனை வருஷம் என்று கேட்டு சூயிங்கம் எழுதிக்கொடுத்தார். இருபது நாள் தொடவில்லை. போன வியாழக்கிழமை ஒன்று பிடித்துவிட்டேன். மறுநாள் மறுபடி முதலிலிருந்து.

உன் கோபம் தீரும்போது எழுது.

அக்கா

இராணுவ மருத்துவமனை
10.11.2024

அக்காவுக்கு,

இங்கே நான் இப்போது நலம். 'இப்போது' என்று ஏன் எழுதுகிறேன் என்பதைக் கீழே சொல்கிறேன். நீயும் மாமாவும் நலமா?

உன் அக்டோபர் கடிதம் மேலே போய், என்னைக் காணாமல், திரும்பிக் கீழே வந்து, போன வாரம்தான் என் கையில் கிடைத்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கோபம் வந்தது. நம் வீட்டுப் பெண் இப்படிச் செய்யலாமா, அதுவும் பத்துப் பேர் எதிரில் சொல்லலாமா என்று வந்தது. கடிதத்தை மடித்துத் தலையணைக்கடியில் வைத்துவிட்டேன். இரண்டு நாள் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் கம்பௌண்டுச் சுவர் ஓரம் நாங்கள் நாலு பேர் நோயாளி உடுப்போடு நின்று பற்றவைத்தோம். கர்னல் ஒருவர் அந்தப் பக்கம் போனார். கண்டுகொள்ளவே இல்லை. எங்கள் நாலு பேரில் ஒருவரும் எதற்கும் பின்னால் ஒளிந்து நிற்கவில்லை. உன்னை நினைத்தேன். கொட்டகைக்குப் பின்னால், சாணி நாற்றத்தில், காலடிச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துப் பார்த்து. அப்பா உன்னை அடுப்படிக்கு அனுப்பியதை நானும் பார்த்தவன்தானே. நான் பிறகு என் இஷ்டத்துக்குப் பிடித்தேன், யாரும் கேட்கவில்லை. என் கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் போய்விட்டது.

உனக்கு எழுதாத ஒன்று எனக்கும் இருக்கிறது. செப்டம்பரில் காவல் வேலையில் இருந்தபோது மூச்சு முட்டி விழுந்துவிட்டேன். நுரையீரலில் நீர் கட்டியிருந்தது. ஹெலிகாப்டரில் இறக்கினார்கள். அந்த உயரத்தில் யாருக்கும் வரலாம், ஆனால் உன் சிகரெட் உனக்கு நல்லது எதுவும் செய்யவில்லை என்று டாக்டர் சொன்னார். அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்று வினோதினியிடம் சத்தியம் வாங்கிவிட்டேன். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. நாளைக்குப் பதினைந்து பிடித்துக்கொண்டிருந்தேன். நீ கேட்டதற்குப் பதில் அதுதான்.

நாளை காலை ரவுண்ட்ஸ் வரும்போது டாக்டரிடம் அந்த சூயிங்கம் பற்றிக் கேட்கப் போகிறேன். கன்னத்தில் எப்படி ஒதுக்குவது என்று எனக்கு ஏற்கெனவே தெரியும்.

உன் தம்பி
சக்திவேல்

அடிஅண்ணாமலை
17.12.2024

என் கண்ணே சக்திவேலுக்கு,

உன் கடிதம் வந்த அன்று அழுதேன், திட்டினேன், மறுபடி படித்தேன். நீ இப்போது மூச்சு விடுவது நன்றாக இருக்கிறதா? படி ஏறினால் இரைக்கிறதா? வினோதினியிடம் பேசிவிட்டேன். சத்தியத்தைக் காப்பாற்றியதற்கு அவளுக்கு ஒரு புடவை எடுத்து வைத்திருக்கிறேன். காப்பாற்ற வைத்ததற்கு உனக்கு ஒன்றும் கிடையாது.

இங்கே எவ்வளவோ நடந்துவிட்டது. ராஜமாணிக்கம் என்னை வரவேண்டாம் என்று சொன்னது மாமாவுக்குத் தாமதமாகத்தான் தெரிந்ததாம். நாங்கள்தான் பேசிக்கொள்ளவில்லையே. நான் வீட்டில் இருப்பது வெட்கத்தில் என்று நினைத்திருக்கிறார். விஷயம் தெரிந்ததும் காலையில் பால் ஊற்றுகிற நேரம் பார்த்து சொசைட்டிக்குப் போயிருக்கிறார். வரிசையில் நின்ற பாய்தான் எனக்கு வந்து சொன்னார். மாமா சத்தம் போடவில்லையாம். "தலைவரே, இந்த ரூம்ல ஒக்காந்து நீங்க புடிக்காத நாளு எது? நீங்க கையெழுத்து போட்ட காச வேணாம்னு யாராவது சொன்னாங்களா? என் வீட்டுக்காரி பாலுல தண்ணி கலந்தவன கண்டுபுடிப்பா. அவ தண்ணி கலந்தான்னு ஒருத்தன் சொல்லட்டும், நான் இட்டுக்கினு போறேன்" என்றாராம். தலைவர் கையிலேயே அப்போது ஒன்று புகைந்துகொண்டிருந்ததாம். அதை எங்கே போடுவது என்று தெரியாமல் தவித்தாராம். மறுநாள் காலையே ஆள் அனுப்பிவிட்டார். இரண்டு வீட்டார் மட்டும் இன்னமும் நான் இருக்கிற நேரம் பார்த்துப் பால் கொண்டுவருவதில்லை. கொண்டுவருகிற நாளில் கொண்டுவரட்டும்.

அதற்குப் பிறகும் மாமா என்னிடம் பேசவில்லை. தீபத்தன்று சாயங்காலம் மலையில் ஜோதி தெரிந்ததும் தெருவே 'அரோகரா' என்று கும்பிட்டது. நானும் மாடியில் நின்று கும்பிட்டேன். பக்கத்தில் வந்து நின்றார். மலையைப் பார்த்துக்கொண்டே, "என்கிட்ட கேட்டிருக்கலாம் இல்ல" என்றார்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

"மாட்டேன். அடிச்சிருப்பேன்" என்றார்.

"அதான் கேக்கல."

கீழே இறங்கி வந்து சாப்பாடு போடச் சொன்னார், இரண்டு தட்டு எடுத்து வைத்தார். மோட்டார் கொட்டகையிலிருந்த போர்வையும் தலையணையும் மறுநாள் வீட்டுக்குள் வந்துவிட்டன.

நேற்றைக்கு முந்தைய நாள் பௌர்ணமி சவாரியில் விடிய விடிய ஆட்டோ ஓட்டியும் மாமா ஒன்றுகூடத் தொடவில்லை. இன்று மத்தியானம் ஊதினார், மூன்று. எனக்கு நான்கு, எனக்கும் பச்சை. ஒரு எண்ணில் என்னை ஜெயித்துவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். பாய்க்கு இன்னும் ஒன்பதில்தான் நிற்கிறது. அடுத்த செவ்வாய் பார் என்கிறார்.

மூன்றில் எது நல்லது என்று தேவிப்ரியாவைக் கேட்டேன். எல்லா ஊர்க் கணக்கும் முடியாமல் சொல்லக் கூடாதாம். செங்கம் பக்கம் ஓர் ஊரில் பேட்ச்சைக் கொண்டாடுகிறார்கள், இன்னொரு ஊரில் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். என்னைக் கேட்டால், பல் இருக்கிறவருக்கு சூயிங்கம், இல்லாதவருக்கு மிட்டாய், வேர்வை வராத மனுஷருக்கு பேட்ச். எதுவானாலும் செவ்வாய்க்கிழமை போய் உட்கார நாலு பேர் வேண்டும். இதை அவளிடமும் சொன்னேன். சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள்.

உன் டாக்டர் என்ன சொன்னார்?

உன் அக்கா

இராணுவ முகாம்
19.01.2025

அக்காவுக்கு,

பொங்கல் வாழ்த்து. மாமாவுக்கு ஒரு சல்யூட், ராஜமாணிக்கத்திடம் பேசியதற்கு. படி ஏறினால் இரைப்பதில்லை. இனி மேலே அனுப்ப மாட்டார்கள், அடிவார முகாமில்தான் வேலை.

டாக்டர் சூயிங்கமும் பேட்ச்சும் சேர்த்தே கொடுத்தார். இங்கே வேர்வையே கிடையாது, அதனால் பேட்ச் கல் மாதிரி நிற்கிறது. பதினைந்திலிருந்து இரண்டுக்கு வந்திருக்கிறேன். அந்த இரண்டை விடத்தான் உயிர் போகிறது. பஞ்சாபிக்காரனும் என்னோடு சேர்ந்துவிட்டான். உன் கடிதத்தில் தவிப்பைப் பற்றி எழுதிய பகுதியை அவனுக்கு இந்தியில் படித்துக் காட்டினேன். எழுதியது என் அக்கா, அவளும் பிடித்தவள், விட்டுக்கொண்டிருக்கிறாள் என்றே சொன்னேன். மறைக்கவில்லை. எழுந்து நின்று, 'தீதிக்கு, உன் அக்காவுக்கு, என் வணக்கத்தைச் சொல்' என்றான். சொல்லிவிட்டேன்.

பங்குனியில் லீவு.

சக்திவேல்

அடிஅண்ணாமலை
12.02.2025

அன்பு சக்திவேலுக்கு,

நாங்கள் இருவரும் நலம், அந்தப் பஞ்சாபித் தம்பிக்கும் சேர்த்து என் ஆசீர்வாதம். அந்த இரண்டும் போகும். எனக்குப் போனது.

கை பரபரக்கிறது, நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன். பெண்களிடமும் கேட்டுப் பார்க்கலாம் என்று தேவிப்ரியாவின் மேலதிகாரிகள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். என்னைச் சம்பளத்துக்கே கூட வரச் சொன்னாள். முதல் இடம் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பின்னால் பூ கட்டுகிற கொட்டகை. மாமாதான் ஆட்டோவில் இறக்கிவிட்டு, தூரமாகப் போய் நிறுத்திக்கொண்டார். பதினைந்து பெண்கள் இருக்கலாம். சாமந்தி வாசனையில் தலை சுற்றியது.

தேவிப்ரியா பக்குவமாகத்தான் கேட்டாள். ஒருவரும் தலை நிமிரவில்லை. எங்கள் பக்கம் பொம்பளைங்க அதெல்லாம் தொடுவதில்லை என்று ஒருத்தி சொன்னாள். மற்றவர்கள் ஆமாம் போட்டார்கள். நார் இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. தேவிப்ரியா என்னைப் பார்த்தாள்.

நான் கீழே உட்கார்ந்து ஒரு நாரை எடுத்துக்கொண்டேன். கட்டிக்கொண்டே என் கதையைச் சொன்னேன். அப்பாவின் அடுப்படி, மாமாவின் சட்டைப் பை, கொட்டகைக்குப் பின்னால், எல்லாம். மாமா அடித்திருப்பேன் என்றதைச் சொன்னபோது இரண்டு பேர் சிரித்தார்கள். சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார்கள். நான் முடித்ததும் எல்லோரும் அடுத்த சரத்துக்கு நாரை எடுத்தார்கள். சரி, எழுந்திருக்கலாம் என்று புடவையைத் தட்டினேன்.

அப்போது மூலையில் உட்கார்ந்திருந்த சந்திரம்மாள் என்கிற பெண், என்னைவிடச் சின்னவள்தான், கட்டி முடித்த சரத்தைக் கூடையில் போட்டாள். கையை ஈரத்துணியில் துடைத்தாள். சுற்றி யாரையும் பார்க்காமல் நேராக எங்களிடம் நடந்து வந்தாள்.

"எங்க ஊதணும்?" என்று கேட்டாள்.

ரேணுகாம்பாள்